மூலம் இருக்கிறது, உரை எங்கே?

'திண்டுக்கல்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? இரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் விரல் விட்டு எண்ணி ஆறு என்று சொல்லிவிடும்: தி, ண், டு, க், க, ல். பைத்தான் மொழியைக் கேட்டால் 11 என்கிறது. இரண்டுமே சரிதான். யூனிகோடு 'தி'யைத் தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று எனப் பிரித்து வைக்கிறது. 'ண்' என்றால் ணகரமும் புள்ளியும். 'டு', 'க்', 'ல்' எல்லாம் அதே கதை. 'க' மட்டும் தனியாள். ஐந்திரண்டு பத்து, அதோடு ஒன்று.

இதை வேடிக்கைக் கணக்கு என்று விட்டுவிட முடியாது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குத் தமிழில் பில் அடிக்கும் மென்பொருளை ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயருக்குப் பத்து இடம் போதும் என்று வெட்டினால் கடைசிப் புள்ளி பறிபோய்ச் சீட்டில் 'திண்டுக்கல' என்று அச்சாகும். இதற்காகவே பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் வளர்த்தது. அதில் 'கெட் லெட்டர்ஸ்' என்ற செயற்கூறிடம் ஊர்ப் பெயரைக் கொடுத்தால் ஆறு எழுத்தையும் ஒழுங்காகப் பிரித்துத் தரும். அது செய்வதும் பெரிய மாயமில்லை. குறி குறியாக நடந்து போகிறது. உயிர்க்குறியோ புள்ளியோ எதிர்ப்பட்டால் அதை முன்னால் நின்ற எழுத்தோடு ஒட்டிவிடுகிறது.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் இந்தச் செயற்கூறைப் படித்துப் புரிந்துகொள்வாள். ஒரு வரியை வேண்டுமென்றே மாற்றிவிட்டு, கூடவே இருக்கும் சோதனைகளை ஓட்டிப் பார்த்தால் எது உடைகிறது என்று தெரியும். உடைந்த இடமே பாடம்.

சிக்கல் அடுத்த படியில்தான். அதே பெண் லிப்ரெஆபீஸ் என்ற திறமூல அலுவலக மென்பொருளைத் திறக்கிறாள். அதன் எழுதும் செயலியான ரைட்டரில் ஒரு கடிதம் அடித்து, சொற்களையும் எழுத்துகளையும் எண்ணிக் காட்டும் பெட்டியை மெனுவில் சொடுக்குகிறாள். அதில் தெரியும் எண் எங்கே பிறக்கிறது? மூலநிரல் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது, பூட்டு கிடையாது. ஆனால் ஏறத்தாழ ஒரு கோடி வரி. லினக்ஸ் கெர்னல் 2025 தொடக்கத்தில் 4 கோடி வரிகளைத் தொட்டுவிட்டது. அதை வரிக்கு ஒரு விநாடி என்று சோறு தண்ணீர் இல்லாமல் படித்தாலும் 463 நாள் ஆகும். அதற்குள் ஏழு புதிய பதிப்புகள் வந்து, படித்ததில் ஒரு பகுதி பழசாகியிருக்கும்.

ஆகவே யாரும் முழுவதும் படிப்பதில்லை. பத்து வருடம் பழகியவர்களும் படித்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே யாராவது சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது என் எண்ணம். நம் தேர்வுமுறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒப்பிக்கச் சொல்லியே வளர்த்துவிட்டதால், பல மாணவர்கள் பெரிய மூலநிரலையும் பாடப்புத்தகம் போல முதல் கோப்பிலிருந்து தொடங்குகிறார்கள். மூன்றாம் நாள் மூடிவிடுகிறார்கள்.

அனுபவசாலிகள் வேறு என்ன செய்கிறார்கள்? 1976இல் பென் ஷ்னைடர்மன் ஒரு சோதனை வெளியிட்டார். சிறிய ஃபோர்ட்ரான் நிரல் ஒன்றைப் பார்க்கக் கொடுத்து, பின்பு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். ஒழுங்கான நிரல் என்றால் அனுபவம் கூடக்கூட நினைவில் நின்ற வரிகளும் கூடின. அதே வரிகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துக் கொடுத்தபோது பழையவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. சதுரங்க ஆட்டக்காரர்களிடம் சேஸும் சைமனும் 1973இல் கண்டதும் இதுவே. அனுபவசாலியின் நினைவாற்றல் பெரிதல்ல; அவர் வரிகளைக் கொத்துக் கொத்தாகப் பார்க்கிறார். ஒரு சுழற்சிக்குள் இரண்டு மதிப்புகள் இடம் மாறுவதைக் கண்டதும் 'வரிசைப்படுத்துகிறது போல' என்று ஊகித்து, மற்ற வரிகளைத் தாண்டி, ஊகம் சரிதானா என்று மட்டும் பார்ப்பார். இப்படி ஊகத்தைத் தூண்டிவிடும் அடையாளங்களைப் பற்றி ரூவன் புரூக்ஸ் 1983இல் எழுதினார். ஆக, பழகிய கண் தேடுகிற கண். தேட ஒரு கேள்வி வேண்டும்.

மூளைக்குள் நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் யானெட் சீக்முண்டின் குழு 17 பேரை ஸ்கேனுக்குள் படுக்கவைத்துச் சிறு நிரல்களைப் படிக்கச் சொன்னது; நினைவு, கவனம், மொழி ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகள் கிளர்ந்தன என்று 2014இல் அறிவித்தது. 2020இல் எம்ஐடியில் அன்னா இவானோவாவும் உடனிருந்தவர்களும் மொழிப் பகுதிக்குப் பெரிய பங்கில்லை, கணக்கும் புதிரும் போடும்போது வேலை செய்யும் பொதுவான வலைப்பின்னலே உழைக்கிறது என்றார்கள். விவாதம் முடிந்தபாடில்லை. நமக்கு வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொண்டால், ஆங்கிலம் நன்றாக வாசிக்கிறவர்களுக்கு மூலநிரல் தானாகப் புரிந்துவிடும் என்ற நினைப்பும், ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு அது எட்டாது என்ற பயமும் ஒரே அளவுக்குத் தவறு.

திண்டுக்கல்லுக்குப் புதிதாக வந்தவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து தன் வேலை இடத்துக்குப் போகும் ஒரே வழியைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார். மணிக்கூண்டு எந்தப் பக்கம், நாகல் நகர் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த ஒரு வழியிலிருந்து கிளை விட்டு வருபவை. மூலநிரலிலும் முதலில் ஒரு வழி போதும். அந்த எண்ணிக்கைப் பெட்டிக்கே போய்ப் பார்ப்போம்.

அந்தப் பெண்ணின் கணினியில் மெனு தமிழில் இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கோப்புகளில் தமிழ்ச் சொல்லும் அதன் ஆங்கில மூலமும் அடுத்தடுத்து இருக்கும். அங்கிருந்து ஆங்கிலப் பெயர் கிடைத்துவிடுகிறது: 'வேர்டு கவுண்ட்'. அதை மூலநிரல் முழுக்கத் தேடினால் ஏகப்பட்ட இடங்களில் வரும். அவற்றில் ஒன்று ரைட்டரின் கட்டளைகளைப் பட்டியலிடும் அமைப்புக் கோப்பு. அங்கே மெனுவில் தெரியும் பெயருக்கு மேலே, யூனோ என்று தொடங்கும் உள்பெயர் ஒன்று இருக்கிறது. இனி அந்த உள்பெயரைத் தேட வேண்டும். இந்த முறை பட்டியல் குறைகிறது. ரைட்டரின் கோப்புறையில் ஒரு கோப்பு அந்த உள்பெயரைப் பெரிய எழுத்தில் உள்ள ஓர் அடையாள எண்ணோடு இணைத்து வைத்திருக்கிறது. அதையும் தேடினால் பெட்டியைத் திறக்கும் சி பிளஸ் பிளஸ் வரி அகப்படுகிறது. அங்கிருந்து பத்தி பத்தியாகச் சொற்களை எண்ணும் செயற்கூறு கூப்பிடு தூரம். அதன்மேல் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்து, ரைட்டரை ஓட்டி, பெட்டியைத் திறந்தால் நிரல் அங்கேயே நின்றுவிடும். யாரை யார் அழைத்து இங்கே வந்து சேர்ந்தது என்ற அழைப்பு அடுக்கு திரையில் வரிசையாகத் தெரியும்.

ஒரு கோடி வரியில் அவள் தொட்டது கையளவு கோப்புகள். ஆனால் மெனு எப்படி அமைகிறது, கட்டளை எப்படிப் பயணிக்கிறது, ஆவணம் உள்ளே எந்த வடிவில் இருக்கிறது என்ற மூன்றும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. நாளைக்கு எழுத்துருப் பிழை ஒன்றைத் தேடப் போனாலும் இதே பாதையில் பாதித் தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் மூலத்தைக் கொண்டே தெரிந்துகொள்ளக்கூடியவை. மூலத்தில் இல்லாதவை வேறு இருக்கின்றன. லிப்ரெஆபீஸ் கோப்புறைகளின் பெயர்களைப் பாருங்கள்: ரைட்டருக்கு எஸ்டபிள்யூ, கால்குக்கு எஸ்சி, படம் வரையவும் காட்சிப்படம் போடவும் எஸ்டி. முன்னால் நிற்கும் அந்த 'எஸ்' என்ன? எவ்வளவு முட்டினாலும் நிரலில் விடை கிடையாது. வரலாற்றில் இருக்கிறது. 1985இல் ஜெர்மனியின் லூனபுர்க்கில் மார்கோ போரீஸ் என்ற பதின்வயதுப் பையன் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினான். ஸ்டார்ரைட்டர், ஸ்டார்கால்க், ஸ்டார்டிரா ஆகியவை அதன் பிள்ளைகள். 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2000இல் மூலநிரல் ஓப்பன்ஆபீஸ் என்று திறக்கப்பட்டது. 2010 செப்டம்பர் 28 அன்று அதிலிருந்து லிப்ரெஆபீஸ் பிரிந்தது. உரிமையாளர் மாறியும் கோப்புறைப் பெயர் மாறவில்லை.

பெயர் மட்டுமா? நிரலுக்கு நடுவே எழுதப்பட்ட விளக்கக் குறிப்புகள் பல்லாயிரம் வரிகள் ஜெர்மன் மொழியில் இருந்தன. பிரிந்து வந்த புதிய சமூகம் அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையை 'ஈஸி ஹேக்ஸ்' என்ற எளிய பணிப் பட்டியலில் போட்டது. ஜெர்மன் குறிப்புகள் எங்கெங்கே மிச்சம் என்று கண்டுபிடிக்க ஒரு சிறு கருவியும் மூலநிரலோடு சேர்ந்தது. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்வேன். ஒரு குறிப்பை மொழிபெயர்க்க வேண்டுமானால் அதன் கீழுள்ள செயற்கூறைப் படித்தே ஆக வேண்டும். தவறாக மாற்றினாலும் மென்பொருள் உடையாது. நிரலை இறக்கி, மாற்றி, மதிப்பாய்வுக்கு அனுப்பி, திருத்தம் கேட்டால் திருத்தி, ஏற்கவைக்கும் முழுச் சடங்கையும் ஆபத்தில்லாத ஒரு வேலையில் புதியவர் பழகிவிடுகிறார்.

எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீராது என்றார் டென்மார்க்கின் பீட்டர் நவுர். 1985இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் நிரலர்களிடையே கைமாறுகிறது. ஒரு குழு ஒரு கம்பைலரை எழுதியது. இன்னொரு குழு அதை விரிவாக்க முன்வந்தது. முழு மூலநிரலும் விரிவான ஆவணங்களும் கையில் இருந்தன. கேட்டால் சொல்ல முதல் குழுவும் இருந்தது. இரண்டாம் குழு கொண்டுவந்த திட்டங்கள் பலவற்றில், கம்பைலரின் அமைப்பே ஏற்கனவே தந்திருந்த வசதிகளைக் கவனிக்காமல், வெளியிலிருந்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். முதல் குழு பார்த்த மாத்திரத்தில் குறையைக் கண்டு, அமைப்புக்குள்ளேயே அடங்கும் எளிய வழியைக் காட்டியது. பல ஆண்டு கழித்து, முதல் குழுவின் துணை இல்லாமல் வேறு ஆட்கள் கைவைத்தபோது அந்த அமைப்பு ஒட்டுகளுக்குள் புதைந்துபோயிருந்தது. நவுரின் முடிவு இது: ஒரு மென்பொருளின் உயிர் அதை எழுதியவர்களின் தலைக்குள் இருக்கும் புரிதல். மூலநிரலும் ஆவணமும் அதன் எச்சங்களே. எனவே புதியவர் அதைப் பெற வேண்டுமானால், புரிதல் உள்ளவர்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

ஓப்பன்-தமிழ் போன்ற சிறிய நூலகத்திலும் இது உண்மை. 'க்ஷ'வை ஓரெழுத்தாக எண்ணுவதா, ககர மெய்யும் ஷகரமும் என இரண்டாக எண்ணுவதா? எப்படி எண்ணுகிறது என்று நிரல் காட்டும். அப்படி எண்ண வேண்டும் என்று ஏன் முடிவெடுத்தார்கள், யார் என்ன ஆட்சேபித்தார்கள் என்பதைக் காட்டாது. அந்த 'ஏன்' கிடைக்கக்கூடிய ஓரிடம் கிட் என்ற கருவி சேமிக்கும் பதிப்பு வரலாறு. ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எந்த மாற்றத்தோடு தொட்டார்கள் என்பது அதில் இருக்கும். அந்த மாற்றத்தோடு எழுதிய செய்தியில் காரணம் இருக்கலாம். 'திருத்தம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படி எழுதுகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குச் செய்கிற பாவத்துக்குக் கணக்கில்லை.

மூலத்துக்கு உரை வேண்டும் என்பது தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. திருக்குறளுக்குப் பத்து பழைய உரைகாரர்களை எண்ணுகிற மரபு நம்முடையது. பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் தொடக்கத்திலும், முந்தைய அதிகாரத்துக்குப் பிறகு இது ஏன் வைக்கப்பட்டது என்று சொல்லிவிட்டுத்தான் குறளுக்குள் போவார். பெரிய மூலநிரலுக்குள் நுழைகிறவருக்குத் தேவையான உரை இந்த வகைதான். இந்த வரி ஒன்றைக் கூட்டுகிறது என்ற பதவுரை யாருக்கும் வேண்டாம். அது கண்ணுக்கே தெரிகிறது. இந்தக் கோப்புறை ஏன் தனியாக நிற்கிறது, இது ஏன் அதற்குப் பின்னால் வருகிறது என்று சொல்லும் வைப்புமுறைதான் வேண்டும்.

கணினி உலகத்தின் முதல் பேருரையாசிரியர் என்று ஆஸ்திரேலியாவின் ஜான் லயன்ஸைச் சொல்லலாம். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய அவர், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னலை, ஏறத்தாழ 9,000 வரிகளை, மாணவர்களுக்காக 1976இல் மூலமும் உரையுமாக இரண்டு தொகுதிகளாக்கினார். அந்த மூலத்தில் ஓரிடத்தில், இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. தேர்வில் இதைக் கேட்க மாட்டோம் என்கிற தொனியில் எழுதியது அது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பின்னாளில் விளக்கினார். தங்களுக்கே அந்த இடம் சரியாகப் புரியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில் மூலநிரலை வகுப்பறையில் பாடமாக நடத்த, யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி தடை போட்டது. உரை நிற்கவில்லை. ஒரு தலைமுறையே அதை ஜெராக்ஸ் பிரதியின் ஜெராக்ஸாகப் படித்தது. முறையாக அச்சேறியது 1996இல்.

9,000 வரிக்கு ஒருவர் உரை எழுதலாம். 4 கோடிக்கு முடியாது. அங்கே உரையாசிரியரின் வேலையைப் பலர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. லிப்ரெஆபீஸில் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஓர் அறிமுகக் கோப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல ஈஸி ஹேக் ஒன்றில் என்ன செய்ய வேண்டும் என்பதோடு எந்தக் கோப்பில் தொடங்குவது என்ற சுட்டும், சந்தேகம் கேட்க ஓர் ஆளும் இருக்கும். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். பிரேசிலின் இகோர் ஸ்டெயின்மாக்கரும் சகாக்களும் திறமூலத் திட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்களின் தடைகளை ஆராய்ந்து 58 என்று பட்டியலிட்டார்கள். அவற்றில் நிரல் சிக்கலானது என்பது ஒரு பகுதியே. கேள்விக்குப் பதில் வராதது, வந்த பதில் முகத்தில் அடித்தாற்போல் இருந்தது, யாரைக் கேட்பது என்று தெரியாதது, சொந்தக் கணினியில் கட்டியெழுப்ப முடியாதது என்று மற்றவை நீள்கின்றன.

கடைசித் தடை நம் பக்கத்து மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. சாதாரண லேப்டாப்பில் லிப்ரெஆபீஸை முதல் முறை கட்டியெழுப்ப மணிக்கணக்கில் ஆகும். வட்டில் பல ஜிபி இடம் வேண்டும். நடுவில் ஏதோ ஒரு துணை நூலகம் இல்லையென்று நின்றுவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் ஆர்வமே அடங்கிவிடும். விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு போன்றவற்றின் அருமை இங்கேதான். காஞ்சிபுரம் குழுவின் வாராந்திரக் கூட்டம் இணையத்தில் நடக்கிறது, திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டியிலிருந்தும் உட்காரலாம், தமிழிலேயே கேட்கலாம். கணியம் இதழ் 2012 முதல் திறமூலத்தைத் தமிழில் எழுதி வருகிறது.

சின்னாளப்பட்டியை ஒட்டியே காந்திகிராமம். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் 1956இல் எழுந்தது. கைத்தொழில் வழியாகவே பாடம் என்ற காந்தியின் ஆதாரக் கல்வியில் ஊறிய இடம் அது. கணினிப் பாடத்தில் மட்டும் ஏனோ நம் கல்லூரிகள் பலவும் வெற்றுத்தாளில் புதிதாக எழுதவே சொல்லித் தருகின்றன. பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பழுது பார்ப்பது பாடத்திட்டத்தில் அபூர்வம். வேலைக்குப் போனால் நிலைமை தலைகீழ். 78 தொழில்முறை நிரலர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, அவர்களின் நேரத்தில் சுமார் 58 சதவீதம் இருக்கிற நிரலைப் புரிந்துகொள்வதிலேயே போகிறது என்று கண்டது.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் போகிறது என்பார்கள். கேட்கலாம், தவறில்லை; ஒரு செயற்கூறு என்ன செய்கிறது என்று அது நன்றாகவே சொல்கிறது. ஆனால் 2025இல் மெட்ர் என்ற அமைப்பின் சோதனை ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தங்களுக்கு நன்கு பழகிய பெரிய திறமூலத் திட்டங்களில் 16 நிரலர்கள் 246 வேலைகளைச் செய்தார்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில் கிடைத்த கருவிகளைப் பயன்படுத்திய வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. 20 சதவீதம் மிச்சமானதாக அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். தலைக்குள் இருந்த புரிதல் கருவிக்கு எட்டவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. புதியவர்களுக்கும் இதே எண்கள் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் கருவி சொன்ன பதில் சரியா என்று சோதிக்க, பிரேக்பாயிண்ட் வைத்து நடந்து பார்த்த அந்த ஒரு வழியாவது கையில் இருக்க வேண்டும்.

உரை எழுதத் தகுதியானவர் பழம் தின்று கொட்டை போட்டவர் என்று நினைக்கிறோம். வைப்புமுறை எழுத அவர்தான் வேண்டும். வாசல் வழி எழுதப் புதியவரே மேல். எஸ்டபிள்யூ என்றால் என்ன என்று பழையவருக்குக் கேள்வியே எழாது. வந்து ஒரு மாதமான பெண்ணுக்கு எங்கெங்கே முட்டியது என்று இன்னும் நினைவிருக்கும். ஆறு மாதம் போனால் அவளுக்கும் மறந்துவிடும். அதனால் கட்டியெழுப்பும் வழிகாட்டியில் ஒரு கட்டளை வேலை செய்யவில்லை என்றால் அவள் அந்த ஒற்றை வரியைத் திருத்தி அனுப்பலாம், எந்தக் கணினியில், எந்தப் பதிப்பில், என்ன பிழை வந்தது என்ற விவரத்தோடு. கூடவே எண்ணிக்கைப் பெட்டியைத் தேடிப்போன பாதையை, கோப்புப் பெயர்களோடு அரைப் பக்கம் தமிழில் எழுதிவைக்கலாம். அடுத்து வரும் மாணவன் அங்கிருந்து தொடங்கிக்கொள்வான்.